அத்தியாயம் 7: பிரிந்தவர்களை மறுபடி சந்திக்க வைப்பது

எழுத ஆரம்பித்த புதிதில் ஒரு மாத நாவல் ஆசிரியருக்கு என் கைப்பிரதியை அனுப்பினேன். கல்லூரியில் காதலித்த இருவர் பத்து வருடம் கழித்துச் சொந்த ஊரில் சந்திக்கிறார்கள். அவன் எழுதிய கடிதத்தை அவளுடைய அத்தை ஒளித்துவைத்ததுதான் பிரிவுக்குக் காரணம். கடைசி அத்தியாயத்தில் பரணிலிருந்து கடிதம் கிடைக்கிறது, சேர்ந்துவிடுகிறார்கள். கைப்பிரதி திரும்பி வந்தது. முதல் பக்கத்தின் உச்சியில் சிவப்பு மையில் ஒரே வரி: "லெட்டர் போய்ச் சேரலேன்னா ஆளு போய்ப் பாத்திருக்கலாமே?"

கோபம் ஆற இரண்டு நாள் ஆனது. பிறகு நிதானமாக யோசித்தால், அவர் கேட்டதில் தப்பே இல்லை. பஸ் ஏறிப் போனால் ஒரு மணி நேரத்தில் தீரக்கூடிய விஷயத்துக்கு நான் இரண்டு பேரைப் பத்து வருடம் அழவைத்திருந்தேன்.

இந்த வகை நாவலை எடுக்கும் வாசகருக்கு அட்டையைப் பார்த்ததுமே முடிவு தெரியும்: சேர்ந்துவிடுவார்கள். தெரிந்தும் ஏன் இருநூறு பக்கம் படிக்கிறார்? அன்று எது இவர்களைப் பிரித்ததோ, அதுவே நாளை மறுபடி வந்து நின்றால் இந்தத் தடவை தாக்குப்பிடிப்பார்களா என்று பார்க்கத்தான். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனைகளும் அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைப்பவை.

1. பிரிந்த காரணத்தை முதலில் எழுதுங்கள்

கதையில் அது எந்தப் பக்கத்தில் வந்தாலும் சரி, உங்கள் நோட்டில் அதுதான் முதல் பக்கம். இதற்கு நான் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்க்கும் நாவல் ஜேன் ஆஸ்டினின் 'பர்சுவேஷன்'. அவர் 1817 ஜூலையில் இறந்து, அந்த ஆண்டின் கடைசியில் வெளிவந்த நாவல். இந்த வகையில் பின்னால் வந்த பலவற்றுக்கும் இதைத்தான் மூலவர் என்பேன்.

ஆன் எலியட்டுக்கு வயது 19. ஃபிரடெரிக் வென்ட்வொர்த் கடற்படையில் இளம் அதிகாரி. சொத்து கிடையாது, கைதூக்கிவிடப் பெரிய இடத்து ஆளும் கிடையாது. ஆனின் அப்பா பாரனெட் பட்டம் உள்ளவர். அந்தப் பட்டத்தைவிட உயர்ந்தது உலகத்தில் எதுவும் இல்லை என்று நினைப்பவர். தாயில்லாத ஆனுக்குத் தாய் ஸ்தானத்தில் இருப்பவர் லேடி ரஸல். இந்தச் சம்பந்தம் இருவருக்குமே நல்லதில்லை என்று அவர் எடுத்துச் சொல்ல, ஆன் நிச்சயத்தை முறித்துக்கொள்கிறாள். இது நடந்தது 1806-ல். கதை தொடங்குவது 1814-ல். இப்போது ஆனுக்கு வயது 27. வென்ட்வொர்த்தோ போரில் எதிரிக் கப்பல்களைப் பிடித்து 25,000 பவுண்டு சேர்த்துவிட்டான்.

இதில் கெட்டவர் யார்? லேடி ரஸல் சூழ்ச்சிக்காரி இல்லை. பெண்ணைப் பெற்ற எந்த வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனுக்குத் தன் சந்தோஷத்தைவிட அவனுடைய எதிர்காலம் பெரிதாகப்பட்டது. அவனுக்கோ, அடுத்தவர் பேச்சைக் கேட்டுத் தன்னை விட்டுவிட்டாளே என்ற ஆத்திரம். மூவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எட்டு வருடத்துக்கும் அது ஆறவில்லை.

உங்கள் காரணத்தை மூன்று கேள்விகளால் தட்டிப் பாருங்கள்.

- ஒரு போன், ஒரு பஸ் பயணம், ஒரு நேரடிப் பேச்சில் தீர்ந்துவிடுமா? தீருமென்றால் தூக்கிப் போடுங்கள்.
- அவன் வீட்டுத் திண்ணையில் சொன்னால் அவன் பக்கமும், அவள் வீட்டுத் திண்ணையில் சொன்னால் அவள் பக்கமும் நியாயமாகப் படுமா?
- அந்தக் காரணத்தின் வேர் இருவர் குணத்திலும் ஓடுகிறதா? சூழ்நிலை மட்டும்தான் பிரித்தது என்றால், சூழ்நிலை மாறியதும் கதை முடிந்துவிடும். பிறகு எழுத என்ன இருக்கிறது?

நம் ஊர்க் கதை என்றால் இன்னொன்றையும் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்க வேண்டும். சிற்றூரில் பாதிக் காதல்களைப் பிரிப்பது சாதி. அதை எழுதாமல் 'அந்தஸ்து', 'குடும்பப் பகை' என்று பூசி மெழுகினால் வாசகருக்குத் தெரிந்துவிடும். எழுதினால், பத்து வருடத்தில் என்ன மாறியது என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எதிர்த்த அப்பாவைச் சாகடித்து வழியை ஒழுங்குபண்ணுவது பதில் ஆகாது. அப்பா போனாலும் தெரு இருக்கும். அன்று தெருவுக்குப் பயந்தவர்கள் இன்று அதே தெருவில் எப்படி நடக்கப் போகிறார்கள் என்பதை எழுதுங்கள்.

2. நமக்கு ஒரு உதாரணம்

சொல்வதைச் செய்து காட்ட ஒரு ஜோடியை வைத்துக்கொள்வோம். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவள் கோதை, ஆண்டாள் பிறந்த ஊரில் தெருவுக்கு ஒரு கோதை இருப்பாள். அவன் செல்வம், கைத்தறி நெசவாளரின் மூத்த மகன்.

இருவருக்கும் 22 வயது. செல்வத்துக்குச் சென்னையில் வேலை கிடைக்கிறது. அப்பா தலையில் கடன், கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். "வெயிட் பண்ணு" என்கிறான். "எத்தன வருஷம்?" என்கிறாள். அவனால் சொல்ல முடியவில்லை. கெடு இல்லாமல் காத்திருக்க அவளால் முடியாது. வீட்டில் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போகிறாள்.

இருவர் பக்கமும் நியாயம். இனி குணத்துக்கு வருவோம். செல்வம் எந்தப் பாரத்தையும் யாரிடமும் கேட்காமல் தானே தூக்கிக்கொள்பவன். அடுத்தவருக்கு எது நல்லது என்பதையும் அவனே முடிவு செய்துவிடுவான். தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் கோதை நிற்க மாட்டாள். பதினோரு வருடம் கழித்துச் சந்திக்கும்போது மாறியிருக்க வேண்டியது இந்த இரண்டும்தான். அவன் கேட்கப் பழகியிருக்க வேண்டும், அல்லது கதைக்குள் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் தெளிவான பதில் கிடைத்த ஒரு கல்யாணத்தில் அவள் வாழ்ந்து பார்த்துவிட்டாள்: மாப்பிள்ளை சம்பளம் தெரியும், வீடு தெரியும், முகூர்த்த நேரம் தெரியும். அது விவாகரத்தில் முடிந்து, ஏழு வயது மகளோடு ஊர் திரும்பி, தாலுகா ஆபீஸ் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறாள்.

3. எத்தனை வருடம் என்பது அலங்காரம் இல்லை

ஐந்து வருடப் பிரிவும் ஐம்பது வருடப் பிரிவும் வேறு வேறு கதைகள். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'யில் (1925) பிரிவு ஐந்து வருடம். கேட்ஸ்பிக்கு அந்தப் பழைய டெய்ஸிதான் வேண்டும். நடுவில் ஓடிய ஐந்து வருடத்தை அழித்துவிட முடியும் என்று நம்புகிறான். அதனாலேயே தோற்கிறான். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'காலரா காலத்தில் காதல்' (1985) நாவலில் ஃப்ளோரென்டினோ காத்திருப்பது 51 வருடம், 9 மாதம், 4 நாள். அங்கே முதுமையே ஒரு கதாபாத்திரம்: சுருங்கிய தோல், பொய்ப்பல், பெற்ற பிள்ளைகளின் முகச்சுளிப்பு.

உங்கள் எண்ணை முடிவு செய்ததும் நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தி பிரியுங்கள். இடப்பக்கம் அவன், வலப்பக்கம் அவள். வருடத்துக்கு ஒரு வரி: எங்கே குடியிருந்தார்கள், மாதம் என்ன வருமானம், வீட்டில் யார் செத்தார்கள், யார் பிறந்தார்கள். இதில் பத்தில் ஒரு பங்குகூட நாவலுக்குள் வராது. ஆனால் 2018-ல் அவன் எந்த மேன்ஷனில், எத்தனை பேரோடு அறையில் இருந்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவன் கதவைச் சாத்தும் விதத்தில்கூட அது தெரியும்.

4. ஊரைச் சாட்சியாக வையுங்கள்

நகரத்தில் பழைய காதலியைச் சந்தித்தால் அது இருவர் விஷயம். சிற்றூரில் அப்படி இல்லை. டீக்கடைக்காரருக்குத் தெரியும், பூக்கட்டும் அம்மாவுக்குத் தெரியும், அன்று இவர்களை ஒரே சைக்கிளில் பார்த்த தையல்காரருக்குத் தெரியும். இவர்கள் மறந்தாலும் ஊர் மறக்காது. ஊரை இந்த வேலைக்குத்தான் பயன்படுத்த வேண்டும். அழகு காட்ட அல்ல.

192 அடி ராஜகோபுரம், ஆடிப்பூரத் தேர், பால்கோவா ஆகிய மூன்றும் வெளியூர்க்காரர் கண்ணில் படுபவை. உள்ளூர்க்காரர் பால்கோவா வாங்குவது பெரும்பாலும் வெளியூர் கிளம்பும்போதுதான். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. செல்வம் கையில் பால்கோவா டப்பா இருந்தால் கிளம்பப் போகிறான் என்று அர்த்தம். கோதை அதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வாள். ஒரு வரி வசனம் தேவையில்லை.

அவன் ஏன் ஊருக்கு வருகிறான்? திருவிழாவுக்கு வந்தால் மூன்று நாளில் திரும்பிவிடுவான். நண்பன் கல்யாணம் என்றால் இரண்டே நாள். காதல் துளிர்க்க வாரங்கள் வேண்டும். இதற்கு அரசாங்க அலுவலகத்தைப் போல உதவி செய்ய யாராலும் முடியாது. செல்வத்தின் அப்பா இறந்துவிடுகிறார். வீட்டை விற்க வேண்டும். அதற்கு வாரிசுச் சான்று வேண்டும்: விஏஓ விசாரணை, ஆர்.ஐ. அறிக்கை, கடைசியில் தாசில்தார் ஒப்புதல். பிறகு வில்லங்கச் சான்று, தங்கைகள் இருவரின் கையெழுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. நடுவில் விஏஓ தேர்தல் வேலைக்குப் போகலாம், சின்னத் தங்கை கையெழுத்துப் போட மாட்டேன் என்று முரண்டு பிடிக்கலாம். பொதிகை எக்ஸ்பிரஸில் விடியற்காலை வந்து இறங்கியவன் நாலு நாளில் திரும்ப நினைத்து நாலு மாதம் மாட்டிக்கொள்வான். இது வாசகருக்கு நம்பும்படியும் இருக்கும். அவரும் அந்த வரிசையில் நின்றவர்தானே.

ஆஸ்டினும் இதே கணக்கைத்தான் போட்டார். ஆனின் அப்பா கடனில் மூழ்கி வீட்டை வாடகைக்கு விட வேண்டியதாகிறது. குடிவருபவர்கள் வென்ட்வொர்த்தின் அக்காவும் அவர் கணவரும். வேறு காரணம் தேடவே வேண்டாம். அக்கா வீட்டுக்குத் தம்பி வருவான்.

5. முதல் சந்திப்பைச் சின்னதாக எழுதுங்கள்

எட்டு வருடம் கழித்து ஆனும் வென்ட்வொர்த்தும் சந்திக்கும் காட்சியை ஆஸ்டின் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அவன் தலை வணங்குகிறான், அவளும் வணங்குகிறாள், அறை நிறைய ஆட்கள், பேச்சுச் சத்தம், போய்விடுகிறான். அடி பிறகுதான் விழுகிறது. 'ஆளே மாறிவிட்டாள், அடையாளமே தெரியவில்லை' என்று அவன் சொன்னதாக ஆனின் தங்கையே வந்து சொல்கிறாள்.

நாமோ இந்த இடத்தில் மழை பெய்யவைத்து, கையிலிருந்த புத்தகத்தைக் கீழே விழவைத்து, இரண்டு பக்கத்துக்குக் கண்களைப் பேசவைக்கிறோம். அதற்குப் பதிலாக இருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். கோதையின் இ-சேவை மையம்:

"வாரிசுச் சான்றா?"

"ஆமா. அப்பாவுக்கு."

நாற்காலியைக் காட்டினாள். இறப்புச் சான்றை வாங்கி ஸ்கேனரில் கவிழ்த்தாள்.

"அம்மா இருக்காங்கள்ல?"

"இருக்காங்க."

"தெரியும். கேட்டுத்தான் போடணும்." தட்டினாள். "மூத்த மகன், செல்வம். வயசு முப்பத்திமூணு. தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு. ரெண்டு பேருக்கும் நான்தான்..."

"'ஆனவர்' போதும்." தட்டினாள். "உங்களுக்கு?"

"அது ஃபாரத்துல இருக்கா?"

திரையை அவன் பக்கம் திருப்பினாள். இருந்தது.

"ஆகல."

"ஓடிபி வரும். சொல்லுங்க."

யாரும் பெருமூச்சு விடவில்லை. ஆனால் எதற்காக அவளை விட்டுப் போனானோ, அந்த இரண்டு தங்கைகளும் 'ஆனவர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். அவன் வயதை அவள் கேட்காமலே தட்டியதை வாசகர் கவனிப்பார். கவனிக்காவிட்டாலும் நஷ்டமில்லை, அடிக்கோடு மட்டும் போடாதீர்கள்.

6. 'நீ', 'நீங்க', 'மாமா'

மேலே உள்ள காட்சியில் கோதை 'சொல்லுங்க' என்கிறாள். பதினோரு வருடத்துக்கு முன் 'சொல்லுடா' என்றவள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்குக் கிடைக்காத வசதி இது. 'நீங்க' என்ற ஒரு சொல்லிலேயே தமிழில் அத்தனை வருடமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் 'நீ' திரும்பி வருகிறது? யார் வாயில் முதலில்? என் யோசனை: கோபத்தில் வரட்டும். கொஞ்சலில் வந்தால் எழுத்தாளர் திட்டம் போட்டது தெரியும். சண்டையில் வாய்தவறி "நீ எப்பவும் இப்படித்தான்" என்று வந்து, சொன்னவளே திடுக்கிட்டால் அது கோதையின் சொல். அடுத்த நாள் அவள் மறுபடி 'நீங்க'வுக்கு ஓடிப்போகட்டும். அந்தப் போக்குவரத்துதான் கதையின் நாடி.

முறைப் பெயரிலும் கண்ணி இருக்கிறது. கோதையின் மகள் செல்வத்தை என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? 'மாமா' என்றால் அவன் கோதைக்கு அண்ணன் தம்பி முறை ஆகிவிடுவான். 'சித்தப்பா' என்றால் விவாகரத்தான கணவனுக்குத் தம்பி. 'அங்கிள்' என்றால் பாதுகாப்பு, ஆனால் தூரம். பாட்டி ஒரு முறை சொல்லிக்கொடுக்க, கோதை அவசரமாக அதைத் திருத்தினால், அவள் மனது எங்கே இருக்கிறது என்பது வீட்டுக்கே தெரிந்துவிடும்.

7. நடுப்பகுதி: நினைவுகளுக்கு ரேஷன்

இந்த வகை நாவல்கள் நடுவில் தொய்வதற்குப் பெரிய காரணம் பின்னோட்டம். பக்கத்துக்குப் பக்கம் கல்லூரி வாசல், தாவணி, முதல் ஐஸ்க்ரீம். பிரிந்த கதையை மர்மமாக ஒளித்துவைக்கவும் தேவையில்லை. ஆஸ்டின் நான்காம் அத்தியாயத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். பிறகு முழுக்க நிகழ்காலம்தான்.

பின்னோட்டம் வந்தே தீர வேண்டும் என்றால், இருவர் நினைவிலும் ஒரே சம்பவத்தை வேறு வேறாக வையுங்கள். 'போகாதேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லல' என்பது அவன் நினைவு. 'மூணு தடவை கேட்டேன், எத்தன வருஷம்னு. அதுக்கு என்ன அர்த்தம்?' என்பது அவளுடையது. இப்படி வரும் பழங்கதை நிகழ்காலத்தை நகர்த்தும்.

மீதிப் பக்கங்களில் செயல் பேசட்டும். ஆன் முழந்தாளிட்டு நோயாளிச் சிறுவனைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். அவனுடைய தம்பி, இரண்டு வயதுப் பொடியன், அவள் முதுகில் தொற்றிக்கொண்டு இறங்க மறுக்கிறான். திடீரென்று யாரோ அவனைத் தூக்கி எடுப்பது தெரிகிறது. வென்ட்வொர்த். எதுவும் பேசவில்லை. அவளால் நன்றி சொல்லக்கூட முடியவில்லை. உங்கள் நாவலில் இதற்கு இணையாக மூன்று செயல்களைக் கண்டுபிடியுங்கள். மின்வெட்டு நேரத்தில் மையத்தில் வரிசையில் நிற்கும் கிழவர்களுக்கு விண்ணப்பத்தைக் கையால் எழுதிக் கொடுப்பது போதும். பூங்கொத்து வேண்டாம்.

8. சேரும் இடம்

'பர்சுவேஷன்' முடிவை ஆஸ்டின் முதலில் வேறு மாதிரி எழுதினார். 1816 ஜூலையில் முடித்த அந்த வடிவத்தில் வென்ட்வொர்த்தின் அக்கா கணவர் ஒரு விஷயத்தைக் கேட்டுவரும்படி அவனை ஆனிடம் அனுப்ப, அந்தப் பேச்சில் உண்மை உடைந்து சேர்ந்துவிடுகிறார்கள். அதில் அவருக்குத் திருப்தி இல்லை. ஆகஸ்டுக்குள் புதிதாக எழுதினார். நீக்கிய பக்கங்களின் கையெழுத்துப் பிரதி இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

புதிய வடிவத்தில் தூது இல்லை. விடுதி அறையில் ஆன் இன்னொரு கடற்படை அதிகாரியுடன் ஆணா பெண்ணா, யார் அன்பு அதிக காலம் நிலைக்கும் என்று பேசிக்கொண்டிருக்கிறாள். அதே அறையில் வேறு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கும் வென்ட்வொர்த் அதைக் கேட்டுக்கொண்டே அவளுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுகிறான். சேர்த்துவைத்தது மூன்றாம் ஆள் இல்லை. அவள் பேச்சும் அவன் எழுத்தும்.

அதோடு விடவில்லை. சேர்ந்த பிறகு அவன் கேட்கிறான்: 1808-ல், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நான் எழுதியிருந்தால் ஏற்றிருப்பாயா? ஏற்றிருப்பேன் என்கிறாள். எட்டு வருடத்தில் ஆறு வருடம் தன் கர்வத்தால் போனது என்று அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அவள் வளைந்துகொடுத்தாள் என்று குற்றம் சொன்னவன் தன் பங்கை ஒப்புக்கொள்கிறான். அந்த ஒப்புதல் இல்லாமல் சேர்த்தால் கல்யாணம் நடக்கும், கதை முடியாது.

நம் கதைக்கு வருவோம். வாரிசுச் சான்று வந்துவிட்டது, வீட்டுக்கு ஆள் கிடைத்தாயிற்று, முன்பணம் வாங்க வேண்டியதுதான் பாக்கி. பழைய செல்வம் என்றால் தானே முடிவு செய்திருப்பான். இப்போது மையத்துக்கு வந்து, "வீட்ட வித்துரவா, வேணாமா? உங்கிட்ட கேக்காம முடிவு பண்ணக்கூடாதுன்னு வந்தேன்" என்கிறான். அவள் உடனே பதில் சொல்லவில்லை. பதில் கிடைக்காத இடத்தில் நிற்காதவள் இப்போது, "ஆறு மாசம் டைம் குடு, சொல்றேன்" என்கிறாள். அன்று அவன் சொல்லாத கெடுவை இன்று அவள் சொல்கிறாள். 'ஐ லவ் யூ' எங்கும் வரவில்லை. வந்தால் காட்சி கெட்டுவிடும்.

9. சேராமலே விட்டால்?

விடலாம். 2018-ல் வந்த '96' படத்தில் தஞ்சாவூர்ப் பள்ளியில் படித்த ராமும் ஜானுவும் 22 வருடம் கழித்து ஓர் இரவு சந்தித்துப் பிரிகிறார்கள். அந்தப் படம் ஓடியது அந்தப் பிரிவால்தான். ஆனால் அது வேறு ஒப்பந்தம். இழப்பைப் பற்றியது என்று முதலிலிருந்தே வாசனை காட்டிவிட வேண்டும். சேரும் கதைபோல நடத்திக்கொண்டு போய்க் கடைசி பக்கத்தில் பிரித்தால், வாசகர் உங்கள் அடுத்த நாவலைத் தொடமாட்டார்.

பயிற்சி

1. பிரிந்த நாளை இரண்டு முறை எழுதுங்கள், தலா ஒரு பக்கம். முதலில் அவன் சொல்ல, பிறகு அவள் சொல்ல. இரண்டையும் படிக்கும் நண்பர் ஒருவர் பக்கமே சாய்ந்தால் மறுபடி எழுதுங்கள்.

2. உங்கள் ஊரில் வெளியூர்க்காரருக்குத் தெரியாத ஐந்து விஷயங்களைப் பட்டியல் போடுங்கள். கோயிலும் தின்பண்டமும் கணக்கில் சேராது.

3. முதல் சந்திப்பை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். இருவர் கையிலும் வேலை இருக்க வேண்டும். கண், இதயம், மழை ஆகிய மூன்று சொற்களும் தடை.

4. அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து ஒரு நாளை எழுதுங்கள். சின்னத் தங்கைக்கு அவசரமாகப் பணம் வேண்டும். செல்வத்துக்குப் போன் வருகிறது. அவன் கோதையிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கிறானா, கொடுத்துவிட்டுச் சொல்கிறானா? இந்தப் பக்கம் நாவலில் சேராது. ஆனால் இதை எழுத வரவில்லை என்றால் நாவல் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்.